இடது கால் சிலிப்பர்கள்

எனக்குப் பத்து வயது நடக்கும்போது சிகாமட் ஆறு எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்தது. வெள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. மழைக்காலம் பிறந்தால் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் தூரத்துச் சொந்தம்போல அது வருவதும் போவதும் வழக்கம்தான். அந்த வருடம் மட்டும் உள்ளே வந்து, சோபாவில் ஏறி உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டது.

படகு வந்தபோது ஆளுக்கு ஒரு பைதான் ஏற்றலாம் என்றார்கள். எதிர்வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி எடுத்தார்கள். பக்கத்து வீட்டில் சாமிப் படங்களையும் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்தார்கள். என் அம்மா ஒரு துணிமூட்டையை எடுத்தார். உடுத்திக்கொள்ளும் துணி அல்ல. ஐம்பது சால்வைக்கு வெட்டி வைத்திருந்த வெள்ளைப் பருத்தித் துணி. அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். அத்தை பிளேடுகளையும் பசை டப்பாக்களையும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டார். என் பள்ளிப் பையில் இருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டு அதில் சாயப் புட்டிகளை அடுக்கிக் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகம் தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் படகில் ஏறினேன். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் பயணம் போனதில்லை.

அம்மா அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆட்குறைப்பில் அவரோடு சேர்த்துப் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும்போது அம்மா வெறுங்கையோடு வரவில்லை. கழித்துப் போட்டிருந்த ரப்பர் மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். எதற்கென்று அவருக்கே அப்போது தெரியாது. அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களோடுதான் இருந்தார். அவர் சமூக நல இலாகா நடத்திய மூன்று வாரப் பயிற்சியில் மரக்கட்டையால் துணியில் அச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அண்ணியிடம் மரம் இருந்தது, நாத்தனாரிடம் வித்தை இருந்தது. வேலை இழந்த இன்னும் ஐந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேசை அச்சு மேசையானது. அதற்குப் பிறகு நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

அந்த எழுவரும் கட்டையைச் செதுக்குவதற்கு முன்னால் சண்டை போடுவார்கள். என்ன உருவம் வைப்பது என்பதுதான் சண்டை. எல்லாரும் மயில், மாங்காய், தாமரை என்று ஆரம்பிப்பார்கள். அம்மா ஒப்பமாட்டார். கண்ணால் பார்க்காத எதையும் வெட்டக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். சிகாமட்டில் மயிலைக் கோயில் சுவரில்தான் பார்த்திருக்கிறோம், அதுவும் முருகனைச் சுமந்துகொண்டு அசையாமல் நிற்பதை. ஆகவே ரப்பர் விதை வந்தது. ரப்பர் பால் பிடிக்கும் கோப்பை வந்தது. டுரியான் முள், ரயில் கேட்டு, கொடியில் காயும் பள்ளிச் சட்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஜொகூர் பாருவில் துணிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் அப்படித்தான் வந்தார். ஐம்பது சால்வை கேட்டார். ரப்பர் விதையும் டுரியான் இலையும் போட்டு, பொங்கலுக்கு முன்னால் கடைக்கு வந்து சேர வேண்டும். அதுவரை கோயில் விழாவிலும் பள்ளிச் சந்தையிலும் மூன்று நான்கு என்று விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய வேலை. அத்தைக்கு ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையிலிருந்து விடுதி வசதியோடு வேலைக் கடிதம் வந்திருந்தது. இந்த ஐம்பதும் சரியாக முடிந்தால் போகமாட்டேன், முடியாவிட்டால் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அத்தை போய்விட்டால் செதுக்க ஆளில்லை, கூட்டமும் கலைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஆறு உள்ளே வந்தது.

மேட்டில் இருந்த ஒரு பள்ளியின் மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நாங்கள், பின்வரிசை எஸ்டேட்டிலிருந்து வந்த ஓர் இந்தோனேசியக் குடும்பம் என்று நாற்பது குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பாதை முழுகிவிட்டதால் அவர் பாலோ என்ற ஊரிலேயே மாட்டிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒருமுறை கைப்பேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டோமா என்று கேட்பார். துணிமூட்டையைப் பற்றிக் கேட்கமாட்டார். அம்மாவின் அச்சு வேலையை அவர் எதிர்க்கவும் இல்லை, நம்பவும் இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியபோது அம்மாவும் அத்தையும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு சாக்கில் அச்சுக்கட்டைகளைக் கொண்டுவந்து மண்டப வாசலில் கொட்டினார்கள். பாதி மிதந்து போய்விட்டன. மீதி ஊறி உப்பி, நடுவில் பிளந்து கிடந்தன. அத்தை ஒரு ரப்பர் விதைக் கட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். அது கால் உடைந்த நாற்காலிபோல் ஆடியது. அன்று மத்தியானமே கடைக்கார அம்மாள் கூப்பிட்டார். வெள்ளச் செய்தியைப் பார்த்ததாகவும், பரவாயில்லை, வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். இரக்கமாகத்தான் சொன்னார். அம்மா அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. சொன்ன தேதியில் சால்வைகள் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“கட்டையே இல்ல அண்ணி. எதுல அச்சு போடப் போறோம்?” என்று அத்தை கேட்டார்.

அம்மா தன் காலிலிருந்த சிலிப்பரைக் கழற்றி அத்தையின் மடியில் வைத்தார். “இத வெட்டிப் பாரு. மரம் மாதிரி முறைக்காது.”

ரப்பர்ச் சிலிப்பரின் குதிகால் பக்கம் பிளேடுக்கு வெண்ணெய் மாதிரி இசைந்தது. மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த மலாய் ஆசிரியரிடம் கேட்டு, உடைந்த நாற்காலிப் பலகைகளை வாங்கி, வெட்டிய ரப்பரை அதில் ஒட்டினார்கள். சிற்றுண்டிச்சாலையின் நீள மேசையில் நிவாரணப் போர்வைகளை மடித்து விரித்தார்கள். அத்தை முதல் அச்சை அழுத்தினார். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் விழுந்தது.

ரப்பர் விதையின் நரம்புகளைச் சிலிப்பரில் வெட்ட முடியவில்லை. நுணுக்கமாக வெட்டினால் பிய்ந்தது. அப்போது அம்மா தன் பழைய சட்டத்தை நினைவூட்டினார். கண்ணால் பார்ப்பதைத்தானே வெட்டுகிறோம், இப்போது எதைப் பார்க்கிறோமோ அதை வெட்டுங்கள் என்றார். ஆகவே படகு வந்தது. தகரக் கூரைமேல் நிற்கும் கோழி வந்தது. சோற்றுக்கு வரிசையில் வைத்த தட்டுகள், முட்டிவரை மடித்துவிட்ட கால்சட்டை, கம்பத்தில் பாதி உயரத்துக்கு நின்ற தண்ணீர்க் கோடு எல்லாம் வந்தன. கடைக்கார அம்மாள் கேட்டது இதுவல்ல என்று எழுவருக்கும் தெரியும். ஒருத்தர்கூட நிறுத்தவில்லை. அச்சுப் போட்ட சால்வைகளை மண்டபத்தில் கட்டியிருந்த பூப்பந்து வலைமேல் காயப் போட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், சிலிப்பர் அச்சு நீடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினால் ஓரம் கிழிந்தது. மறுபடி வெட்ட வேண்டும். எழுவரில் மூன்று பேருடைய சிலிப்பரை வெள்ளம் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய நான்கு ஜோடியும் இரண்டே நாளில் தீர்ந்தன. இருபத்திரண்டு சால்வை முடிந்திருந்தது. கடைகள் எல்லாம் தண்ணீருக்குள். எழுவரும் வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அத்தை வேலைக் கடிதத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்து, படித்து, மறுபடி உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

மண்டப வாசலில் நாற்பது குடும்பத்துச் சிலிப்பர்கள் வரிசையாகக் கிடந்தன.

நான் திருட்டு என்று நினைக்கவில்லை. அதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நீதி நியாயம் பற்றி நான் ஆழ்ந்து யோசித்தேன். ஒருவருடைய இரண்டு சிலிப்பரையும் எடுத்தால் அது திருட்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் அவரிடம் இன்னும் ஒன்று இருக்கிறது, ஆகவே அது பங்கு. மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற நேரத்தில், புதிதாகவும் தடிப்பாகவும் இருந்தவற்றைப் பார்த்து, இடது காலை மட்டும் ஒன்பது எடுத்துச் சாக்கில் போட்டேன். வலது கால்களை நேராக அடுக்கி வைத்துவிட்டும் வந்தேன்.

“லோரியில வந்துச்சும்மா” என்றேன் அம்மாவிடம். “எல்லாம் ஒத்தக் காலு. யாருக்கும் வேணாம்னு ஓரமா போட்டுட்டாங்க.”

இது நம்பக் கூடிய பொய்தான். நிவாரண லோரியில் அதற்கு முதல் நாள் ஒரு கம்பளிக் கோட்டும், குதி உயர்ந்த சப்பாத்து ஒன்றும் வந்திருந்தன. எழுவரும் சாக்கைப் பிரித்துச் சந்தோஷப்பட்டார்கள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். அம்மா ஒரு நீலச் சிலிப்பரை எடுத்துக் குதிகாலை வெட்ட ஆரம்பித்தார். பாதி வெட்டியபின் அதைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் யாரோ சூடு வைத்து ஓர் எழுத்தைப் பொறித்திருந்தார்கள். தொழப் போகும் இடத்தில் மாறிவிடாமல் இருக்க மலாய்க்காரப் பெரியவர்கள் அப்படி அடையாளம் வைப்பார்கள். அம்மாவின் பிளேடு நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் குனிந்து மீதியையும் வெட்டி முடித்தார். அன்று சாயந்திரத்துக்குள் ஒன்பதும் தீர்ந்துவிட்டன. எனக்குத் தெரிந்து அம்மா அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

மறுநாள் காலை ஒரு மலாய்ப் பெரியவர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். ஒரு காலில் சிலிப்பரும் மறுகால் வெறுங்காலுமாக நடந்தவர். முட்டி வீங்கிவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் ஒவ்வொருவராகத் தங்கள் சிலிப்பரும் ஒற்றையாக இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவரை நாய் தூக்கிப் போயிருக்கும் என்று விட்டிருந்தார்கள். ஒன்பது பேர் என்றதும் நாய் என்ற பேச்சு நின்றது. மலாய் ஆசிரியர் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டினார்.

எங்கள் தாமானில் கடைசி வரிசையில் ஒரு வீட்டம்மாள் இருந்தார். எங்கள் ஆட்களில் கொஞ்சம் வசதியானவர். பொங்கலுக்கென்று வாங்கிய தங்கநிற வார் வைத்த சிலிப்பர் போய்விட்ட கோபத்தில் இருந்தார். அவர்தான் மூலையைக் காட்டினார். மூலையில் அந்த இந்தோனேசியப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வரும்போது வெறுங்காலோடு வந்தவளுக்கு இப்போது சிலிப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அது நிவாரணச் சாக்கிலிருந்து ஆசிரியரே எடுத்துக் கொடுத்தது. அதை ஆசிரியர் சொன்னார். சொன்ன பிறகும் முணுமுணுப்பு அடங்கவில்லை. அவளுடைய பையைத் திறந்து பார்க்கலாமே என்று இரண்டு பேர் எழுந்தார்கள். இரண்டு கால் உள்ள ஒருத்தி எதற்காக ஒன்பது இடது கால் சிலிப்பரைத் திருடப் போகிறாள் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் கணவன் எழுந்து நின்றான். தன் பையைத் தானே எடுத்து நீட்டினான். அதற்குள் குழந்தைத் துணிகள்தான் இருந்தன.

எழுந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா எழுந்தார். சிற்றுண்டிச்சாலைக்குப் போய் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் முன்னால் இருந்த மேசையில் அச்சுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீலம், பச்சை, கறுப்பு, தங்க வாரின் அடியிலிருந்த பழுப்பு என்று ஒன்பது. பிறகு மலாயில், தான்தான் எடுத்ததாகச் சொன்னார். அம்மா அந்த வீட்டம்மாளைப் பார்த்துத் தமிழில் மறுபடி சொன்னார்.

“நான்தான் எடுத்தேன். அந்தப் பொண்ண விட்டுருங்க.”

பிறகு நடந்தது எல்லாம் அவ்வளவு அழகாக இல்லை. அந்த அம்மாள் வாய்க்கு வந்ததைப் பேசினார். வெள்ளத்தில் அடிபட்ட சனங்களிடமே கைவைக்கும் பிறவி என்றார். எங்கள் எழுவரில் ஒருத்தர் அழுதுவிட்டார், அவருக்கு உண்மை தெரியாது. சீனக் கடைக்காரர் ஒருவர் தன் சிலிப்பரை அடையாளம் கண்டு, அதில் சோற்றுத் தட்டு வரிசை வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா நகராமல் நின்றார். பாதை திறந்தவுடன் ஒன்பது ஜோடி புதிதாக வாங்கித் தருவதாகச் சொன்னார். விழுந்தவருடைய முட்டிக்கு அதனால் என்ன பயன் என்று யாரோ கேட்டதற்கு, பயனில்லை, அந்தத் தப்பு தன்னுடையதுதான் என்றார்.

முட்டி வீங்கிய பெரியவர் தன் நீலக் கட்டையைக் கேட்டு வாங்கினார். கூரைமேல் நிற்கும் கோழி. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் என் அம்மாவின் முகத்தில் எறியப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மலாயில் மெதுவாகக் கேட்டார், வால் ஏன் இப்படித் தொங்குகிறது, நனைந்த சேவல்கூட வாலைத் தூக்கித்தானே வைத்திருக்கும். அவர் வீட்டுக் கூரையில் நின்ற சேவல் அது. தாமானிலிருந்து படகில் வரும்போது அம்மா பார்த்தது. வெட்டும்போது ரப்பர் பிய்ந்துவிட்டது என்று அம்மா சொன்னார். பெரியவர் குனிய முடியாமல், பக்கத்தில் நின்ற தன் மகளைத் தன் வலது கால் சிலிப்பரைக் கழற்றச் சொன்னார். அதை மேசையில் வைத்தார். ஒற்றையை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது, இதில் வாலைச் சரியாக வெட்டு என்றார்.

அன்று மாலைக்குள் இன்னும் ஆறு வலது கால்கள் வந்தன. பலர் பெருந்தன்மையால் கொடுக்கவில்லை, எரிச்சலால்தான் கொடுத்தார்கள். ஒரு சிலிப்பரை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. சீனக் கடைக்காரர் தன்னுடையதை மேசைமேல் போட்டுவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்க்காமலே போனார். தங்க வார் அம்மாள் மட்டும் தன் வலது காலை எல்லோர் கண்முன்னும் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

அடுத்த மூன்று நாள் அந்த எழுவரும் வேலை செய்ததைப் போல் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காலையில் பசியாறியதும் மேசைக்கு வருவார்கள். இருட்டுவதற்கு முன் கடைசிச் சால்வையை வலையில் போடுவார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் அவர்களோடு பேசவில்லை. சோற்று வரிசையில் அம்மாவுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அம்மா நிமிர்ந்து நின்று தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை வெட்டிய புதுச் சேவலுக்கு வால் நன்றாக நிமிர்ந்திருந்தது. பெரியவர் நாற்காலியைச் சிற்றுண்டிச்சாலைக்கே போடச் சொல்லி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். அந்த இந்தோனேசியப் பெண் ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, காய்ந்த சால்வைகளை எடுத்து மடித்து வைத்தாள். மறுநாளும் வந்தாள். கடைசியாக வெட்டிய அச்சு, பையைத் தூக்கி நீட்டும் இரண்டு கைகள். அதை அம்மாவே வெட்டினார். அவள் அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

பாதை திறந்த அன்று அப்பா லோரியில் வந்தார். முன்னிருக்கையில் ஒன்பது ஜோடி சிலிப்பர் கட்டுக்கட்டாக இருந்தது. அம்மா கைப்பேசியில் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னார் என்று தெரியவில்லை, அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பூப்பந்து வலைமேல் தொங்கிய சால்வைகளின் நடுவே அவர் நடந்து போனார். ஒரு படகுச் சால்வையின் முன்னால் நின்று, நுனியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஐம்பதையும் அவரே பெட்டியில் அடுக்கினார். செம்பனை வாடை ஏறாமல் இருக்க லோரியில் பின்னால் போடாமல், அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வைத்துப் பெட்டியை மடியில் கொடுத்து ஜொகூர் பாருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்கார அம்மாள் கேட்டது ரப்பர் விதை. வந்தது கோழியும் தட்டும் அழுக்குத் தண்ணீரும். அவர் முப்பதை எடுத்துக்கொண்டு இருபதைத் திருப்பிவிட்டார். அம்மா வாதாடவில்லை. தேதி தவறவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாராம். திரும்பி வந்த இருபதில் ஒன்பதைச் சிலிப்பர் பறிகொடுத்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். எட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. அந்தச் சால்வையை கேட்டில் மாட்டிவிட்டு வந்தோம். மறுநாள் அது எங்கள் கேட்டில் மாட்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடைக்கார அம்மாள் கூப்பிட்டு, அந்த நிமிர்ந்த வால் சேவல் இன்னும் கிடைக்குமா என்று கேட்டார். அத்தை தொழிற்சாலைக்குப் போகவில்லை. இன்று அந்தக் கூட்டத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அத்தைதான் இப்போதும் முதல் அச்சை வெட்டுகிறார்.

இதையெல்லாம் இவ்வளவு வரிசையாக நான் சொன்னாலும், அன்றைக்கு எனக்கு இருந்தது வேறு மனநிலை. அம்மா எழுந்து நின்றபோது எனக்கு வந்தது நிம்மதி. அது ஒரு நாள்தான் இருந்தது. அடுத்த நாள் கோபம் வந்தது. வெயிலில் நின்று, யோசித்து, தடிப்பானதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, சாக்கைச் சுமந்து வந்தது நான். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தான் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டது அம்மா. மலாய்ப் பெரியவர் வந்து மேசை பக்கத்தில் உட்கார்ந்து பேசியதும் அம்மாவோடுதான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அத்தையிடம் போய் முறையிட்டேன்.

“எடுத்தது நானு. அம்மா ஏன் அவங்க எடுத்தாங்கன்னு சொல்றாங்க?”

அத்தை என் வாயைப் பொத்தினார். சாயம் படிந்த கை. அன்று முழுக்க என் உதட்டில் நீலம் இருந்தது. அம்மா அதைப் பார்த்தார், எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அன்று குழாயடியில் என் முகத்தைக் கழுவிவிடும்போது மட்டும் ஒன்று கேட்டார். “எல்லாம் இடது காலா எடுத்தியே, ஏன்?” நான் என் நியாயத்தைச் சொன்னேன். ஒன்று எடுத்தால் பங்கு, இரண்டு எடுத்தால் திருட்டு. அம்மா என் முகத்தை வேகமாகத் துடைத்துவிட்டார், துண்டை என் கண்மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை அடிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் அதைத் தப்பித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். கோபமும் போகப் போக மறந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு பாசாருக்குப் போவேன். இடைநிலைப் பள்ளி முடிக்கும்வரை போனேன். மீன் விற்கும் இடத்திலோ கீரைக் கடையிலோ அந்தத் தங்க வார் அம்மாளைப் பார்ப்போம். அம்மா ஒவ்வொரு முறையும் முதலில் வணக்கம் சொல்வார். அவர் பதில் சொல்லமாட்டார். நாங்கள் பக்கத்தில் வந்து நின்றதும், தோளில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்து மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அதன் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொள்வார். அம்மா தலை குனியாமல் அங்கேயே நின்று மீனைத் தேர்ந்தெடுப்பார். அவசரப்படமாட்டார்.

ஆறேழு வருடம் அதைப் பார்த்தேன். பாவம், அந்த அம்மாளுக்குப் பை கனக்கிறது போலிருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். ஒருமுறை நான் அதைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்றுகூட அவரிடம் கேட்டேன்.